ரோமாபுரியில் மிதிவண்டி

நேயர்களே, ரோமாபுரியைப் பற்றி 35 ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் அந்த நகரைக் கண்ணால் கண்டதில்லை. காணாத ஊரைப் பற்றிப் பாடம் சொல்வது ஆசிரியர் தொழிலில் குற்றமாகாது. சந்திர மண்டலத்தைப் பற்றி நடத்துகிறவர் அங்கே போய் வந்தா நடத்துகிறார்? இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டே 2017-ஆம் ஆண்டில் தலைமை ஆசிரியர் பதவியிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

2024 அக்டோபரில் அந்த நகரைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. என் மகளும் மருமகனும் இத்தாலி நாட்டில் மிலான் நகரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு இரண்டு மாதம் தங்கச் சென்றிருந்த என்னையும் என் மனைவியையும் நான்கு நாள் ரோமாபுரிக்கு அழைத்துச் சென்றார்கள். முதல் நாள் நடந்தே சுற்றினோம். மாலைக்குள் என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இரவில் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே மகள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு உங்களுக்குச் சைக்கிள் ஏற்பாடு செய்திருக்கிறேன். வழிகாட்டி ஒருவரும் கூட வருவார்." முழங்கால் வீங்கியவருக்குச் சைக்கிளா என்று என் மனைவி கோபித்துக்கொண்டாள். "மின்சாரச் சைக்கிள் அம்மா" என்றாள் மகள்.

மின்சாரத்தில் ஓடுவது சைக்கிளே அன்று என்பது என் கட்சி. 22 ஆண்டுகள், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், நாள்தோறும் 11 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன் நான். மிதிக்காமல் போவதற்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன். ஆனால் மகள் பணம் கட்டிவிட்டாள். கட்டிய பணத்தை வீணாக்கும் துணிவு ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வருமா?

மறுநாள் காலை, சர்க்கஸ் மாக்சிமஸ் என்னும் பழைய தேரோட்டத் திடலுக்கு அருகே ஒரு கடையில் நாங்கள் ஆறு பேர் கூடினோம். மருமகனும் என்னுடன் வந்தார். வழிகாட்டியாக வந்தவர் தொல்பொருளியல் படித்த ஓர் இளம்பெண். என் மகளின் வயதுதான் இருக்கும். தலைக்கவசத்தின் வாரை என் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டு, வண்டியின் இயல்பை ஒவ்வொன்றாக விளக்கினார். அப்போதே அவர் நல்ல ஆசிரியை என்று தெரிந்துவிட்டது. முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னார்.

அந்த வண்டியைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் தவறு. மிதித்தாலன்றி அது நகராது. மிதிகட்டையின் அச்சில் ஓர் உணர்கருவி இருக்கிறது. நம் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது அறிந்து மோட்டாருக்குச் சொல்ல, மோட்டார் அந்த அளவுக்கு ஏற்பத் துணை செய்கிறது. எவ்வளவு துணை வேண்டும் என்பதைக் கைப்பிடியில் உள்ள ஒரு பொத்தானால் கூட்டலாம், குறைக்கலாம். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் விலகிக்கொள்ளும்; அதற்கு மேல் விரைய வேண்டுமானால் நம் சொந்தக் காலைத்தான் நம்ப வேண்டும். மோட்டாரின் ஆற்றலும் 250 வாட்டுக்கு மேல் இருக்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டம் இத்தகைய வண்டியைத்தான் மிதிவண்டி என்று ஒப்புக்கொள்கிறது. மின்கலமும் மோட்டாரும் சேர்ந்திருப்பதால் வண்டியின் கனம் மட்டும் அதிகம்; சாய்ந்தால் ஒரு கையால் தாங்குவது கடினம்.

ரோமாபுரி ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்பதை நீங்கள் எல்லோரும் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாலட்டைன், கபித்தோலின், அவெண்டைன், சீலியன், எஸ்குவிலின், விமினல், குவிரினல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மாணவர்களையும் அப்படியே சொல்லப் பழக்கினேன். ஆனால் குன்று என்றால் காலுக்கு என்ன என்பது அவெண்டைன் ஏறும்போதுதான் எனக்குப் புலப்பட்டது. திடலின் ஓரத்திலிருந்து பாதை வளைந்து மேலே போகிறது. வீறாப்பினால் மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்தேன். நூறடி போவதற்குள் முழங்கால் முறையிட்டது. வழிகாட்டி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினேன். பின்னாலிருந்து யாரோ இருக்கையில் கை வைத்து மெல்லத் தள்ளுவதுபோல் இருந்தது. சிறுவயதில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது என் தமையனார் அப்படித்தான் தள்ளிக்கொண்டு ஓடிவருவார்.

மேலே ஆரஞ்சுத் தோட்டம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கீழே டைபர் நதி, அப்பால் புனித பேதுரு ஆலயத்தின் குவிமாடம். நதியோ நன்றாகக் கீழே இருக்கிறது. நகரமோ மேலே இருக்கிறது. இத்தனை காலம் நான் உயிரில்லாமல் உச்சரித்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்த சிக்கல் அப்போது என் கண்ணில் பட்டது. இந்தச் சிக்கலை என் வகுப்பில் ஒருவன் முன்பே கண்டிருக்கிறான். அவனைப் பற்றிச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

இறங்கி, கொலோசியத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். அங்கே கூட்டம் தேர்த் திருவிழாக் கூட்டம். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில், மாக்சென்டியஸ் கட்டிய பெரிய மண்டபத்தின் அடியில், டொமீஷியன் என்ற பேரரசன் முதல் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த மிளகுக் கிடங்கு இருந்தது என்று வழிகாட்டி சொன்னபோது நான் வண்டியை நிறுத்திவிட்டேன். அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து போனது. அதற்கு விலையாக வந்த ரோமானியக் காசுகள் கரூர்ப் பக்கத்திலும் கோவைப் பக்கத்திலும் இன்றும் மண்ணில் கிடைக்கின்றன. "உங்கள் ஊர்ச் சரக்குத்தான்" என்று அந்தப் பெண் சிரித்தார். மற்ற நால்வரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு சீலியன் குன்று. ஏறும் வழியில் சாலைக்குக் குறுக்கே ஒரு பழைய கல் வளைவு. அதன்மேல் செங்கல்லால் கட்டிய சிதைவு ஒன்று ஏறி நிற்கிறது. டோலபெல்லா வளைவு என்று பெயர். கி.பி. 10-ஆம் ஆண்டில் எழுந்த அந்த வளைவின்மேல், பிற்பாடு நீரோ மன்னன் தன் அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலை ஏற்றிக்கொண்டானாம். "இது கிளைதான். இதன் தாயைப் பிற்பகலில் காட்டுகிறேன்" என்றார் வழிகாட்டி.

தண்ணீர், குன்று என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக என் காதில் விழுந்தவுடன் 1986-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

அது கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு சிற்றூர். ரோமானியர் நாகரிகம் நடத்திக்கொண்டிருந்தேன். "அவர்கள் தொலைவிலிருந்து கால்வாய்கள் மூலம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், ஊரு குன்று மேலதானே இருக்கு? தண்ணி எப்படி சார் மேட்டுக்கு ஏறும்?" என்றான். ஏன் கேட்கிறாய் என்றேன். "எங்க புஞ்சை கண்மாய்க்கு மேல இருக்கு சார். மடையைத் திறந்தாலும் அங்க பாயாது. ஏற்றம் வச்சுத்தான் இறைக்கணும். ரோமாபுரியில யாரு சார் ஏற்றம் இறைச்சாங்க?" வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியாது. அடுத்த வாரம் ஆய்வாளர் வருகிறார். பாடப் பகுதி முடியவில்லை. "இயந்திரம் வைத்து ஏற்றினார்கள். உன் ஏற்றமும் கமலையும் ரோமாபுரியில் எதற்கு?" என்று சொல்லி, குறுக்குக் கேள்வி கேட்டதற்காக மணி அடிக்கும்வரை அவனை நிற்க வைத்தேன்.

நேயர்களே, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லவேண்டும் என்பது. நான் எழுதிய ஒவ்வொரு பாடக் குறிப்பின் தலைப்பிலும் அந்த விதியைச் சிவப்பு மையில் எழுதிவைத்திருந்தேன். அன்று அந்தப் பையன் தான் அறிந்த கண்மாயிலிருந்து தான் அறியாத ரோமாபுரிக்குத் தானாகவே நடந்து வந்தான். அவனைத்தான் நான் நிற்க வைத்தேன்.

இன்னும் ஒன்று. ஆண்டுத் தேர்வில் ரோமானியரின் கட்டடக் கலை பற்றி ஒரு வினா வந்தது. "ரோமானியர்கள் இயந்திரம் வைத்துத் தண்ணீரைக் குன்றின்மேல் ஏற்றினார்கள்" என்று அவன் எழுதியிருந்தான். நான் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

இந்த நினைவோடு நகரின் தெற்கு வாயிலை வந்தடைந்தேன். பேரரசன் ஆரேலியன் கி.பி. 271-இல் கட்டத் தொடங்கிய மதில், ஏறத்தாழ 19 கிலோமீட்டர் சுற்றளவு. அதன் புனித செபஸ்தியான் வாயிலைக் கடந்தால் ஆப்பியன் சாலை. கி.மு. 312-இல் ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி தொடங்கியது. முதலில் கபுவா வரையிலும், பின்னர் கீழைக் கடற்கரையிலுள்ள பிரிந்திசித் துறைமுகம் வரையிலும் நீண்டது. 2024 ஜூலையில்தான் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதே ஆப்பியஸ் அதே ஆண்டில் ரோமாபுரியின் முதல் நீர்க் கால்வாயையும் வெட்டுவித்தார். சுமார் 16 கிலோமீட்டர், அநேகமாக முழுவதும் நிலத்துக்கடியில். முதுமையில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. குருடர் என்ற பட்டப் பெயரோடுதான் வரலாற்றில் நிற்கிறார்.

சாலையின் தொடக்கம் குறுகலானது. மோட்டார் வண்டிகள் தோளை உரசிக்கொண்டு போகின்றன. மருமகன் எனக்குப் பின்னால் வந்துகொண்டே, "மாமா, ஓரமாக, ஓரமாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளைத் தாண்டிய பிறகே நிம்மதி. இருபுறமும் குடைபோல் விரிந்த ஊசியிலை மரங்கள். பழைய ரோமானியர் பதித்த கருங்கற் பாளங்கள் பல இடங்களில் அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொன்றும் அம்மிக்கல்லைவிடப் பெரிது. வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிச் சில கற்களில் தடம் விழுந்திருக்கிறது. அந்தக் கற்களுக்கு மோட்டாரும் ஒன்றுதான், முழங்காலும் ஒன்றுதான். முன்சக்கரம் ஓர் இடுக்கில் இறங்க, நான் புல்லில் சாய்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்த இருவர் வேண்டியிருந்தது.

இந்தச் சாலையில்தான் கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் கலகம் அடக்கப்பட்டபின், பிடிபட்ட 6,000 அடிமைகளைச் சிலுவையில் அறைந்தார்கள். கபுவாவிலிருந்து ரோமாபுரி வரையில். இதை நான் 6,000 என்ற எண்ணாக மட்டும் நடத்தியிருக்கிறேன். வண்டியில் போகும்போது கணக்கிட்டேன். ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் 6,000 என்றால் 33 மீட்டருக்கு ஒன்று. என் வண்டியின் வேகத்துக்கு எட்டு விநாடிக்கு ஒன்று. மனத்துக்குள் எட்டு வரை எண்ணுவதும், மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதுமாக ஒரு கல் தொலைவு போனேன். அந்தக் கலகத்தை அடக்கியவர் கிராசஸ் என்ற செல்வர். அவருடைய மருமகள் என்று கருதப்படும் சிசிலியா மெத்தெல்லாவின் வட்ட வடிவமான கல்லறை மாளிகை அதே சாலையின் ஓரத்தில் கோட்டைபோல நிற்கிறது. சிலுவைகள் நின்ற இடத்துக்கு ஓர் அடையாளமும் இல்லை.

அங்கிருந்து இடப்புறம் பிரிந்து, வயல்களையும் ஓர் இருப்புப் பாதையையும் கடந்து வந்தோம். ஒரு மேடு ஏறியதும் வெட்டவெளி. அந்த வெளியின் குறுக்கே, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரும் கல் வளைவுகள். சில இடங்களில் 25 மீட்டருக்கு மேல் உயரம். இதுதான் வழிகாட்டி சொன்ன தாய். கிளாடியன் கால்வாய். காலிகுலா மன்னன் கி.பி. 38-இல் தொடங்கி, கிளாடியஸ் 52-இல் முடித்தது. முழு நீளம் ஏறத்தாழ 69 கிலோமீட்டர். அதன் முதுகின் மேலேயே இன்னொரு கால்வாயும் ஓடியது. மாடி வீட்டைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு.

நான் கேட்டேன்: "அம்மா, இந்த வளைவுகளின் மேலே தண்ணீரை எப்படி ஏற்றினார்கள்? என்ன இயந்திரம் வைத்தார்கள்?"

அந்தப் பெண் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஒரு மலை வரைந்தார். அது கிழக்கே உள்ள மலை. அங்கே ஊற்றுகள் இருக்கும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் அதிகம். மறுபக்கம் ஒரு சிறு மேடு வரைந்தார். அது பாலட்டைன் குன்று. 50 மீட்டர் அளவில்தான் உயரம். இரண்டுக்கும் நடுவே நிலம் தாழ்ந்து கிடக்கிறது. மலையிலிருந்து குன்றுக்கு மெல்லச் சரியும் ஒரு கோடு இழுத்தார். "இயந்திரமே இல்லை ஐயா. தண்ணீர் எங்கும் ஏறவில்லை. 69 கிலோமீட்டரும் இறங்கிக்கொண்டேதான் வருகிறது. மலைப்பக்கத்தில் நிலத்துக்குள்ளேயே வருகிறது. நிலம் தாழும் இடத்தில் தண்ணீரும் அவசரப்பட்டுத் தாழ்ந்துவிட்டால் குன்றை எட்டாது. அது தாழாமல் ஏந்திப் பிடிப்பதற்குத்தான் இந்த வளைவுகள்" என்றார்.

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்று அந்தப் பையன் சொன்னது முற்றிலும் சரி. ரோமானியப் பொறியாளர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். இயந்திரத்தின் துணையால் அன்று காலை குன்று ஏறியவன் நான் ஒருவன்தான்.

நீர்க் குழாயில் அழுத்தம் இருந்தால் தண்ணீர் மேலே எழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறிவியல் ஆசிரியர்கள் கடிதம் எழுதுவார்கள். நிலையத்தாருக்கு ஏன் வீண் வேலை? ரோமானியரும் சில ஊர்களில் ஈயக் குழாய்களால் பள்ளத்தாக்கைக் கடந்திருக்கிறார்கள். ரோமாபுரித் தெருக்களில் 1874 முதல் நிறுவப்பட்ட இரும்புக் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. வளைந்த மூக்குப்போல இருப்பதால் மூக்கன் என்று பெயர். வாயை விரலால் அடைத்தால், மூக்கின் மேலுள்ள துளையிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிப் பீச்சும், குனியாமல் குடிக்கலாம். ஆனால் அங்கேயும் நீர் எங்கோ உயரத்திலிருந்து வந்த வலிமையால்தான் எழுகிறது.

கி.பி. 537-இல் காத்தியர்கள் நகரை முற்றுகையிட்டபோது கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். அதன்பின் குன்றுகளின்மேல் குடியிருக்க வழியில்லை. மக்கள் கீழே நதியின் வளைவை நாடிப் போனார்கள். மேலே திராட்சைத் தோட்டமும் மேய்ச்சலும்தான். 1587 அளவில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற பாப்பரசர், தம் இயற்பெயரால் ஃபெலிச்சே என்ற புதிய கால்வாயைக் கட்டி முடித்த பிறகே குன்றுகளில் மீண்டும் மனித நடமாட்டம் பெருகியது. ஏழு குன்றுகளின் நகரம் என்று நாம் சொல்கிறோமே, அதில் ஆயிரம் ஆண்டுகள் குன்றுகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன.

ஃபெலிச்சே கால்வாயின் வளைவுகளும் அதே வெளியில் சற்றுக் குட்டையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வீடற்ற ஏழைகள் அந்த வளைவுகளின் கீழே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். தண்ணீருக்காகக் கட்டிய வளைவின் அடியில், வீட்டுக்குத் தண்ணீர் இல்லாமல். 1968-இல் ராபர்ட்டோ சார்தெல்லி என்ற இளம் பாதிரியார் அங்கே 725 என்ற எண்ணிட்ட ஒரு குடிசையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளைகள் தாங்கள் அறிந்த வாழ்க்கையையே பாடமாக எடுத்துப் பேசினார்கள். 1969-இல் எல்லோருமாகச் சேர்ந்து நகரத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1970-களில் குடிசைகள் அகற்றப்பட்டு அம்மக்களுக்கு வேறிடம் தரப்பட்டது. வழிகாட்டி இதைப் போகிற போக்கில்தான் சொன்னார். நான் அந்த இடத்தை விட்டு வர மனமின்றிக் கடைசி ஆளாக வண்டியில் ஏறினேன்.

மாலை திரும்பும்போது முழங்கால் வலி இல்லை. 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் மிதித்திருக்கிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். யார் மிதித்தது, நீங்களா மோட்டாரா என்று அவள் கேட்டாள். இருவரும் என்றேன்.

மறுநாள் டிராம் வண்டியில் மாஜியோரே வாயிலுக்குப் போய்ப் பார்த்தேன். கிளாடியன் கால்வாய் நகருக்குள் நுழைந்த இடம். நெற்றியில் மூன்று கல்வெட்டுகள். முதலாவது கட்டி முடித்த கிளாடியஸுடையது. இரண்டாவது கி.பி. 71-இல் வெஸ்பாசியன் வெட்டுவித்தது. கால்வாய் பழுதுபட்டு ஒன்பது ஆண்டுகள் தண்ணீர் வரவில்லை, நான் செப்பனிட்டேன் என்கிறது. மூன்றாவது பத்து ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் டைட்டஸ் மீண்டும் செப்பனிட்டதைச் சொல்கிறது. நம் ஊர்ப் பாலங்களைப் பற்றி நாம் மிகவும் வெட்கப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய சிற்றூருக்குப் போனேன். தை மாதம், கண்மாய் நிறைந்திருந்தது. என் மாணவருக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருக்கிறார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கரையில் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். உட்காரச் சொன்னேன், நெடுநேரம் கழித்தே உட்கார்ந்தார். கைப்பேசியில் படங்களைக் காட்டினேன். மண்ணில் அந்தப் பெண் வரைந்த கோட்டை நானும் ஒரு குச்சியால் வரைந்தேன்.

"தம்பி, 1986-இல் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடை தவறு. நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "என்ன கேட்டேன்னு ஞாபகம் இல்ல சார். மணி அடிக்கிற வரைக்கும் நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார். முகத்தில் கோபம் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, வளைவுகளின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவு உயரத்துல வாய்க்கால் போகுதே சார், கசிவு விழுந்தா யாரு ஏறி அடைப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. "தெரியவில்லை தம்பி, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

கி.பி. 97-இல் ரோமாபுரியின் நீர்வள அதிகாரியாகப் பதவியேற்ற ஃபிரான்டைனஸ் என்பவர் தம் இலாகாவைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை மகள் அனுப்பிவைத்தாள். கால்வாய்களைக் காக்க இரண்டு பணிக்குழுக்கள் இருந்தன என்று அதில் கணக்கு உள்ளது. பொதுக் குழுவில் 240 பேர். பேரரசரின் குழுவில் 460 பேர். அத்தனை பேரும் அடிமைகள். மாசி மாதம் மீண்டும் போய் இதைச் சொன்னேன்.

அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "எழுநூறு பேரா! இந்தக் கண்மாய்க்கு நான் ஒருத்தன்தான் சார்" என்று சிரித்தார். கீழ்மடைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரையோடு நடந்தார். நான் என் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் சென்றேன்.